ஒருவர் மட்டும் ஓட்டுப் போட்ட தேர்தல்

தேர்தல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சட்டசபையில் ஓர் இடம் எப்படிக் காலியாகிறது என்று கேட்டால் நீங்கள் மளமளவென்று ஒப்பிப்பீர்கள். உறுப்பினர் இறந்தால், ராஜினாமா செய்தால், தகுதி இழந்தால், சபையின் அனுமதி இல்லாமல் நெடுநாள் வராமலிருந்தால். காலியானதும் இடைத்தேர்தல். நான் வேலை பார்த்த காலத்தில் உபதேர்தல் என்போம். பெயர்தான் மாறியிருக்கிறது, வேலை அதேதான்.

சட்டம் எழுதியவர்கள், ஆள் இருப்பார் அல்லது இருக்கமாட்டார் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். இருந்தும் இல்லாத மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அதற்கு விதி தேடி நீங்கள் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நானும் புரட்டிப் பார்த்தவன்தான். பள்ளிக்கூடத்தை அஞ்சாம் வகுப்போடு விட்டுவிட்டு, தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து அங்கே வந்த காகிதங்களைப் படித்தே தமிழும் இங்கிலீஷும் தெரிந்துகொண்டவன் நான். அதனால் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, காகிதம் கொண்டு வருகிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் காது போகும். பேச்சிலே பாதி விடை இருக்கும். ஒருநாள் பேச்சே இல்லாத ஒருவரிடம் போய் விடை வாங்க வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர் ஆட்சி. புதுச் சட்டப்படி மாகாணத் தேர்தல் நடந்து ஒரு வருஷம் போலிருக்கும். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வர்ணப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வர்ணத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்தில் ஜெயித்தவர் தென்காசிக் கோர்ட்டில் வக்கீல், சொந்த ஊர் மேலகரம். அவருடைய பெட்டி பச்சை. ஜெயித்த பிறகு வக்கீலய்யா என்ற பெயர் போய், எல்லாருக்கும் அவர் மெம்பரய்யா ஆனார். ஊர் ஊராகப் போய், யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி ஆட்டிப் பொறுமையாகக் கேட்பார். அந்தத் தலையாட்டலுக்கே பாதி ஓட்டு விழுந்தது என்று கடைத்தெருவில் சொல்வார்கள்.

மெட்ராஸில் சபைக் கூட்டம் முடிந்து ஊருக்கு வந்தவருக்குப் பாரிசவாயு வந்தது. வலக் கை, வலக் கால் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சும் போயிற்று. நல்ல காற்றுக்கென்று குற்றாலத்தில் அவர்களுக்கு இருந்த பங்களாவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சில மாதம் கழித்து மெட்ராஸுக்கு அந்த வீட்டிலிருந்து இரண்டு காகிதங்கள் போயின. ஒன்று, கவர்னருக்கு மெம்பரின் ராஜினாமா. கீழே கையெழுத்து இல்லை, இடது பெருவிரல் ரேகை. அனுப்பியது அவருடைய தம்பி. இன்னொன்று, மெம்பர் தேறி வருகிறார், அதுவரைக்கும் சபைக்கு வராமலிருக்க அனுமதி கொடுங்கள் என்ற விண்ணப்பம். எழுதியது அவருடைய மனைவி. பி.ஏ., பி.எல். படித்தவர் பெருவிரல் வைத்த காகிதம் ஒரு பக்கம், இடத்தை விடமாட்டோம் என்கிற காகிதம் ஒரு பக்கம். மெட்ராஸில் குழம்பிப்போய், ஒருநாள் காலையில் எங்களுக்குத் தந்தி கொடுத்தார்கள்: தாசில்தார் நேரில் போய் மெம்பரின் சொந்த விருப்பம் எது என்று அறிந்து, இன்று மாலைக்குள் தந்தி அடிக்கவும். மறுநாள் சபையில் அந்த விண்ணப்பம் எடுக்கப்படுகிறது.

தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் இளையவர். எங்கள் ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாரலுக்குப் பயந்து குடையைக் கையை விட்டு இறக்கமாட்டார். அவரும் நானும் டவாலி மாட்டிய ஆபீஸ் சேவகர் ஒருவருமாக வண்டி பிடித்துக் கிளம்பினோம். மேலகரம் தாண்டும்போது வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“மெம்பரைப் பாக்கவா போறீக?”

“ஆமா.”

“அவுக தேறிட்டாகன்னு அம்மா சொல்லுதாக. தேறமாட்டாகன்னு அவுக தம்பி சொல்லுதாக. அவுககிட்டயே கேட்டா ரெண்டுக்கும் தலையாட்டுதாக.” மாட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலும் சொன்னார்: “மெட்ராசுக்கு நாம அனுப்புனதே தலையாட்டத்தான? அதை அங்கன போயும் ஆட்டலாம்லா.”

தாசில்தார் குடையைச் சற்று முன்னால் சாய்த்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். ஆனால் அந்த வண்டிக்காரர் சொன்னதில் எங்களுக்கு வரப்போகிற சங்கடம் முழுசாக இருந்தது.

பங்களா வாசலில் கேட்டுக்கு வெளியே கூட்டம். அச்சன்புதூரிலிருந்து குளத்து மடை உடைந்ததைச் சொல்ல வந்த விவசாயிகள், கடையநல்லூரிலிருந்து தறிக்காரர்கள், ஆளுக்கொரு மனுவை வேட்டி மடிப்பிலும் துண்டுக்குள்ளும் நனையாமல் வைத்துக்கொண்டு நின்றார்கள். மெம்பரின் மனைவி ஒவ்வொருவராக உள்ளே கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். முன்கூடத்தில் கை வைத்த பெரிய நாற்காலியில் மெம்பர். சலவை வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு, பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலி நிறைய மனுக்கள்.

நாங்கள் போனபோது கடையநல்லூர்ப் பெரியவர் ஒருவர் அவர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். “நூல் விலை ஏறிப்போச்சு மெம்பரய்யா. எங்க தெருவுல பாதித் தறி நின்னு கெடக்கு. அசெம்பிளில நீங்க ஒரு வார்த்தை பேசணும்.”

மெம்பர் தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மனைவி முந்தானையால் துடைத்துவிட்டார்.

“பாத்தீகளாய்யா,” என்றார் எங்களிடம். “ஜனங்களைப் பாத்தாலே மனசு இளகிருது அவுகளுக்கு. இவுகளைப் போயி விலகச் சொல்லுதாகளே.”

அதற்குள் மெம்பரின் தம்பி உள்ளேயிருந்து வந்துவிட்டார். நல்ல வாட்டசாட்டமான ஆள், கலகலப்பானவர். சிரிக்காமல் நாலு வார்த்தை பேச அவருக்கு வராது. “வாங்க வாங்க, கிளார்க்கும் வந்திருக்காரா? நல்லதாப் போச்சுவே. கேட்டு எழுதிக்கிட்டு, ஒரு காப்பியும் குடிச்சுட்டுக் கிளம்பலாம்.”

தாசில்தார் குனிந்து மெதுவாகக் கேட்டார்: “சட்டசபை மெம்பர் பதவியிலேருந்து விலகணும்னு நீங்களாத்தான் விரும்புறேளா?”

மெம்பர் தலையாட்டினார்.

“ஆச்சு,” என்றார் தம்பி. “எழுதிக்கிடும்வே.”

மனைவி முன்னால் வந்தார். “நீங்க மெம்பராவே இருக்கணும்லா? ஒடம்பு சரியானதும் மெட்ராசுக்குப் போகணும்லா?”

மெம்பர் அதற்கும் தலையாட்டினார்.

“பாத்தீகளா.”

தாசில்தார் ஒரு நொடி நிமிர்ந்து நின்றார். பிறகு அதே குரலில், “தென்காசிக்கு மெம்பர் நான்தானே?” என்று கேட்டார். மெம்பர் அவரையே பார்த்தார். தலை மேலும் கீழும் ஆடியது.

வியாதியா, ஆயுசு முழுக்கப் பழகிய மரியாதையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தத் தலையாட்டலை வைத்து எதையும் எழுத முடியாது என்பது மட்டும் தெரிந்தது. தம்பி தங்கைகளே, முதல் பதில் உங்கள் வேலையைச் சுலபமாக்குகிற பதிலாக இருந்தால், எழுதுகோலை எடுக்குமுன் இன்னொரு கேள்வி கேளுங்கள். தாசில்தார் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமலிருந்தால் நாங்கள் அரைமணியில் திரும்பியிருப்போம், நிம்மதியாகத் தூங்கியும் இருப்போம். அதுதான் பயங்கரம்.

தம்பி விடவில்லை. “சாமிகிட்டயே கேட்டாச்சு ஐயா. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டி சந்நிதில போட்டு எடுத்தோம். செவப்பு வந்தா விலகணும்னு வேண்டிக்கிட்டோம். செவப்புதான் வந்துச்சு.”

“பொட்டலத்தைக் கட்டுனது யாருன்னு கேளுங்கய்யா,” என்றார் மனைவி.

“நான்தான் கட்டுனேன் மதினி. அதுக்கென்ன?”

“ரெண்டுலயும் செவப்பையே வச்சுக் கட்டிருப்பாக.”

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, சாமியும் வேண்டாம். இந்த வீட்டுல இருக்கவுக எல்லாரும் ஆளுக்கொரு ஓட்டுப் போடுவோம். கூடுதலா எது விழுதோ அதைத் தந்தி அடிச்சிருங்க.”

“முக்காவாசிப் பேரு ஒங்க ஆளுக. நல்லாருக்கு ஞாயம்.”

தாசில்தார் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவர் கையிலிருந்து குடை இறங்கி நான் பார்த்தது அன்றுதான். “ஓட்டு எடுக்கலாம்,” என்றார். “ஆனா இந்த விஷயத்துல ஓட்டு ஒருத்தருக்குத்தான் உண்டு.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. தாலுகா ஆபீஸ் பரணில் போன தேர்தல் பெட்டிகள் கிடந்தன. தம்பி தங்கைகளே, எங்கள் தொழிலில் உள்ள ஒரே பெரிய தந்திரம் அதுதான். ஒருவனுடைய விருப்பம் தெரிய வேண்டுமானால் அவனைச் சுற்றி நிற்கிறவர்களை வெளியே அனுப்பு, கையில் ஒரு சீட்டைக் கொடு, முகத்தைப் பார்க்காதே. ஆயிரக்கணக்கான ஆட்களுக்குச் செய்ததை ஓர் ஆளுக்குச் செய்யக்கூடாதா?

டவாலிச் சேவகரை வண்டியில் திருப்பி அனுப்பினோம். கிளம்பும்போது தாசில்தார் அவரைக் கூப்பிட்டு, “பச்சைப் பெட்டி வேண்டாம். அவர் ஜெயிச்ச பெட்டி அது, கை தானாவே அதுக்குப் போயிடும். மத்த வர்ணத்துல ரெண்டு எடுத்துண்டு வாரும்,” என்றார்.

பெட்டி வரும்வரை நான் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்றேன். மெம்பரின் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

“ராஜினாமான்னு ஆயிட்டா அவுக என்னாவாகய்யா?”

“ஒண்ணும் ஆகமாட்டாகம்மா. ஓய்வா இருக்கலாம்.”

“ஓய்வா.” கேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “தெனமும் அம்புட்டு ஆளு வருதாக. மெம்பரய்யா மெம்பரய்யான்னு கூப்பிடுதாக. அவுகளும் குளிச்சு, சட்டை போட்டு, மனுசரா வந்து நாக்காலில உக்காருதாக. நாளைக்கு மெம்பர் இல்லைன்னா எந்தக் காக்கா எட்டிப் பாக்கும்? பேச்சும் போயி, ஆளும் வரலைன்னா, செவத்தைப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு உக்காந்திருப்பாக? உசிரு தங்குமாய்யா?”

அதுவரை இதை நான் அண்ணன் இடத்துக்கு ஆசைப்படுகிற தம்பிக்கும் கௌரவத்தை விடாத மனைவிக்கும் நடக்கிற இழுபறி என்றுதான் எண்ணியிருந்தேன். அந்த அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தது நாற்காலியை அல்ல, அதில் உட்கார்ந்திருக்கிறவரின் உயிரை. காப்பி டம்ளரை வைத்துவிட்டு, “அவுக மனசுல உள்ளதைத்தாம்மா கேக்கப் போறோம்,” என்று மட்டும் சொன்னேன். அது ஆறுதலாக இருந்திருக்காது.

பெட்டிகள் வந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். தம்பி பார்த்துவிட்டு, “தோத்தவன் பெட்டிகளா? வெளங்குன மாதிரிதான்,” என்றார்.

முதலில் எல்லார் முன்னிலையிலும் ஒத்திகை பார்த்தோம். பெட்டிகளை நான் கையில் ஏந்தி மெம்பரின் மடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவர் இடக் கையில் ஒரு வெற்றுச் சீட்டு. தாசில்தார் சொன்னார்: “இது குற்றாலம்னா வெள்ளையில போடுங்கோ. மெட்ராஸ்னா நீலத்துல போடுங்கோ.”

மோசமான சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் பார்ப்பதுபோல மெம்பர் அவரைப் பார்த்தார். சீட்டை வெள்ளையில் போட்டார். அடுத்தது: “தென்காசிக்கு மெம்பர் நான்னா வெள்ளை, நீங்கன்னா நீலம்.” மெம்பர் தலையை ஆட்டிக்கொண்டே சீட்டை நீலத்தில் போட்டார். தலை ஒன்று சொல்லியது, கை வேறொன்று சொல்லியது. கை சொன்னதுதான் சரி. கூடத்தில் நின்றவர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். மனைவி அழுதுகொண்டே சிரித்தார். “அவுக புத்தியெல்லாம் அப்படியேதான் இருக்கு,” என்று மறுபடி மறுபடி சொன்னார்.

பிறகு நாற்காலியோடு அவரைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனோம். முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் இரண்டு பெட்டியும். மெம்பராகவே இருக்கிறேன் என்றால் வெள்ளை, விலகுகிறேன் என்றால் நீலம். தாசில்தார் நிதானமாக இரண்டு தரம் சொன்னார். சன்னல்களைச் சாத்தினோம். எல்லாரும் வெளியே வந்தோம். நான் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் பார்த்தோம். சீட்டு நீலப் பெட்டியில் கிடந்தது.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி கையைத் தட்டிக்கொண்டு, “எழுதும்வே, தந்தி ஆபீஸ் அடைக்கிறதுக்குள்ள போகணும்,” என்றார். தாசில்தாரும் காகிதத்தை எடுத்துவிட்டார்.

நான் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீலப் பெட்டி அவருடைய இடப் பக்கம் இருந்தது, நல்ல கை இருக்கிற பக்கம். வெள்ளை வலப் பக்கம். அந்தப் பக்கம் கை போகாது, உடம்பும் திரும்பாது. ஒத்திகையின்போது நான் பெட்டிகளை மடிக்கு நேராகப் பிடித்திருந்ததால் அது எங்கள் கண்ணில் படவில்லை.

தாசில்தாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். “கைக்கு எட்டுனதுல போட்டாரா, மனசுக்குப் பட்டதுல போட்டாரான்னு தெரியலை ஐயா.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். “மறுபடியும் எடுத்துடுவோம்,” என்றார்.

தம்பிக்கு அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்புப் போயிற்று. “ஜெயிச்ச தேர்தலைத் திரும்ப நடத்துவீகளாவே? இது எந்த ஊரு ஞாயம்?”

“பெட்டியை இடம் மாத்தி வைக்கிறோம். திரும்பவும் நீலமே விழுந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்றார் தாசில்தார்.

பெட்டிகளை மாற்றி வைத்தோம். இப்போது வெள்ளை அவர் கைக்குப் பக்கம், நீலம் எட்டாத பக்கம். மாற்றியிருக்கிறோம் என்பதை அவருக்கும் சொன்னோம். கதவைச் சாத்தினேன். மனைவி எழுந்து வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை அவருக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை போல இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு முனகல் மாதிரி ஒரு சத்தம். திடீரென்று தடால் என்று ஏதோ தரையில் விழுந்தது.

“அவுக விழுந்துட்டாக,” என்று மனைவி கதவைப் பிடித்தார். “தொறங்கய்யா.”

தம்பி குறுக்கே வந்தார். “யாரும் உள்ள போகக்கூடாதுன்னு நீங்கதானவே சொன்னீக? இப்பம் தொறந்தா ஓட்டுக் கெட்டுப்போச்சுன்னு மூணாந்தரம் எடுப்பீக.”

தாசில்தார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் காத்திருக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டேன். தம்பி தங்கைகளே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஓட்டுக் கெட்டால் இன்னொரு ஓட்டு எடுக்கலாம். அந்தத் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு விதியை யோசிக்கிறவனை நான் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டேன்.

மெம்பர் விழவில்லை. விழுந்தது வெள்ளைப் பெட்டி. கைக்குப் பக்கத்திலிருந்த அது வழியில் நின்றதால் முழங்கையால் அதைத் தள்ளிவிட்டிருக்கிறார். நாற்காலியின் வலப் பக்கக் கைமேல் முழு உடம்பையும் சாய்த்து, இடக் கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார். இரண்டு விரல்கள் நீலப் பெட்டியின் வாய்க்குள் இருந்தன. முகமெல்லாம் வியர்வை. சீட்டு உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் தம்பியும் சேர்ந்து அவரைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தோம். தம்பி அவருடைய முகத்து வியர்வையைத் தன் துண்டால் துடைத்தார். “இவ்வளவு வேணுமா உனக்கு அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். ஆதாயம் யாருக்கோ அவன் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டு வந்திருந்தேன். தம்பிக்கு ஆசை இருந்தது நிஜம். அண்ணன் விலக விரும்பியதும் நிஜம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

மனைவி மெம்பரின் முன்னால் வந்து நின்றார். “என்கிட்டயாவது காட்டிருக்கலாம்லா. நான் என்ன அசலாளா?”

மெம்பர் கூடத்துப் பக்கம் பார்த்தார். முக்காலியைக் கொண்டுவரச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு எடுத்து வந்தோம். மனுக் கட்டின் மேல் இடக் கையை வைத்தார். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் வாயின் மேல் வைத்தார். அப்புறம் விரல்களை விரித்துக் காற்றில் அசைத்தார். அவ்வளவுதான். கோர்ட்டில் அவர் மணிக்கணக்காகப் பேசி நான் கேட்டிருக்கிறேன். அவ்வளவு தெளிவாக ஒருநாளும் பேசியதில்லை.

மனைவி அந்தக் கையைப் பார்த்தார். “பேசுங்க பேசுங்கன்னு வாரவுக முன்னால ஒங்களைக் கொண்டாந்து உக்கார வச்சேனா நான்?” என்றார். மெம்பர் தலையாட்டவில்லை. நல்ல கையால் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தலைச்சுமையை இறக்கி வைத்தவனுக்குக் கழுத்து மெதுவாக நிமிரும், பார்த்திருப்பீர்கள். அதுபோல அவருடைய தோள் இறங்கிக் கழுத்து நிமிர்ந்தது. கண்ணில் நீர் இல்லை.

எங்களுக்கும் அப்போதுதான் உடம்பு இலகுவாயிற்று. தாசில்தார் உட்கார்ந்து, தாம் நேரில் பார்த்ததையும், ராஜினாமா மெம்பரின் சொந்த விருப்பம்தான் என்று தமக்கு முழுத் திருப்தி ஏற்பட்டதையும் எழுதினார். எங்கள் முன்னிலையில் புதிதாக ரேகை வாங்கினோம். அந்த முறை விரலை யாரும் பிடித்து அழுத்தவில்லை, அவரே வைத்தார்.

தம்பி உள்ளே போய் ஒரு காகிதச் சுருளோடு வந்தார். பிரித்துக் காட்டினார். வம்சாவளி. பாட்டனார் பெயரிலிருந்து கிளை கிளையாக இறங்கி, அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர், கிராம முன்சீப்பின் அத்தாட்சியோடு.

“இதையும் சேத்து அனுப்பிருங்க. அண்ணாச்சிக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு நான்தான்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்குக் கிராம முன்சீப் வேலையும் கணக்கப்பிள்ளை வேலையும் வாரிசுப்படி போனவை, கோயிலில் முதல் மரியாதையும் அப்படித்தான். மெம்பர் பதவி மட்டும் வேறு மாதிரி என்று அவருக்கு யார் சொன்னார்கள்? இத்தனை நாளும் அந்த மனுஷர் ராஜினாமாவுக்கு அலைந்தது, மறுநாளே தனக்கு உத்தரவு வரும் என்று நம்பித்தான்.

“இது முன்சீப் வேலை இல்லை,” என்றார் தாசில்தார். “உபதேர்தல் வரும். நீங்களும் நிக்கலாம்.”

“அண்ணன் எடம் தம்பிக்கு இல்லையா?”

“இடம் உங்க அண்ணனோடது இல்லையே. தொகுதியோடது. அவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.”

“அப்ப திரும்பவும் ஊர் ஊராப் போயி ஓட்டுக் கேக்கணுமா?”

“ஆமாம்.”

“இது தெரிஞ்சிருந்தா சாமிகிட்ட பூவை வேற மாதிரிக் கட்டிருப்பேனே,” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். மனைவியும் சிரித்துவிட்டார். உபதேர்தல் வந்தது, அவர் நின்றார், தோற்றார். எண்ணி முடிந்த அன்று என்னைத் தேடி வந்து, “எனக்கு விழுந்த ஓட்டை எண்ண ஒமக்குச் செரமமே இருந்திருக்காதுவே,” என்றார். தோல்வியை அப்படி எடுத்துக்கொண்டவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது அன்று மாலை நடந்தது. தந்திக்கான வாசகத்தை மடித்து வைத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது சாரல் விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே கூட்டம் அப்படியே நின்றது. எங்களுக்கு முன்னால் மெம்பரின் மனைவி நடந்து போனார். உள்ளே நடந்தது எதுவும் வெளியே நின்றவர்களுக்குத் தெரியாது. அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே மனு கொண்டாராதீக,” என்றார். “அவுக மெம்பர் வேலையை விட்டுட்டாக. இங்கன மெம்பர் இல்லை.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒன்றிரண்டு பேர் திரும்பி நடந்தார்கள். அந்த அம்மாள் அவர்களையே பார்த்தார். தான் பயந்தது நடக்கத் தொடங்கிவிட்டது என்பதுபோல நின்றார்.

காலையில் பேசிய கடையநல்லூர்ப் பெரியவர் முன்னால் வந்தார். அவர் மனுவைக் கொடுத்து வெகுநேரமாகியிருந்தது. உடன் வந்தவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

“மெம்பர் இல்லை, சரி,” என்றார். “எங்க வக்கீலய்யா இருக்காகளாம்மா?”

“இருக்காக.”

“எங்க வாப்பா காலத்துலயிருந்து அவுகதான் எங்களுக்கு வக்கீலு. வேலையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துட்டுப் போறோம். பேச்சை நாங்க பேசிக்கிடுதோம்.”

அதுவரை ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத்தான் திறந்திருந்த கேட்டின் இரண்டு கதவையும் அந்த அம்மாள் முழுசாகத் தள்ளித் திறந்தார். நானும் தாசில்தாரும் வண்டிக்குப் போக வழியில்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அத்தனை பேரும் உள்ளே போய் முடிகிறவரைக்கும் நின்றோம்.